வெர்னா பெருக்கித் துடைத்த ஓடை

எங்கள் டார்வெல் ஊரில் சால்மன் மீனை மதிக்காத ஆளே கிடையாது. தபால் பெட்டியில் சால்மன், பல் டாக்டரின் பெயர்ப் பலகையில் சால்மன், தீயணைப்பு வண்டிக் கதவில் சால்மன். மழைநீர் வடிகால் மூடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு மீன் வரைந்திருக்கிறோம். இங்கே கொட்டுவது நேராக ஓடைக்குப் போகும், பார்த்துக் கொட்டு என்று அர்த்தம். அந்த மீனுக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தி எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் படத்தின் மேல் ஒரு சொட்டு விழ விடமாட்டார்கள். அவ்வளவு பக்தி.

ஐஸ் ஹாக்கி அணிக்கும் டார்வெல் கோஹோஸ் என்றுதான் பெயர். கோஹோ என்பது எங்கள் கரையோரத்துச் சின்ன ஓடைகளில் ஏறி வந்து முட்டையிடும் சால்மன். கடலில் வெள்ளி நிறத்தில் திரிந்துவிட்டு, பிறந்த ஓடைக்குத் திரும்பும்போது உடம்பெல்லாம் சிவந்து வரும். அணியின் சட்டையில் அதற்குப் புஜங்கள் வேறு வரைந்திருக்கிறார்கள். செப்டம்பர் திருவிழாவில் மேயர் கிளிஃப் டூவே மீன் வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போவார். நாங்கள் வரிசையில் நின்று, வேறேதோ நாட்டுப் பண்ணையில் வளர்ந்து ஐஸ் பெட்டியில் வந்த சால்மனைச் சுட்டுச் சாப்பிடுவோம். உள்ளூர் மீன் என்ன ஆயிற்று என்று கேட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். அது ஒன்றுதான் எங்கள் ஊரில் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் மீனுக்காக உண்மையிலேயே முதுகு வளைத்த ஒரே ஆள் வெர்னா லிண்ட்கிரன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவள். அவள் மடித்துக் கொடுத்த படுக்கை விரிப்பின் ஓரத்தை வைத்து நேர்கோடு போடலாம். அவள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் லூடன் ஓடை. அந்த ஓடையும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவள் குமரியாக இருந்த காலத்தில், ஓடையில் விழுந்து கிடக்கும் மரம் மீனுக்கு வழியை மறிக்கிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து மரங்களை இழுத்து வெளியே போடச் சொன்னார்கள். வெர்னாவும் போனாள். பிற்பாடு அதே படித்தவர்கள், மரம் கிடந்தால்தான் ஓடையில் மடு விழும், நிழல் இருக்கும், மீன் ஒளிய இடம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, கிரேன் வைத்து மரங்களைத் திரும்ப உள்ளே போட ஆரம்பித்தார்கள். மேலிடத்துக்கு மனசு மாறிவிட்டது. வெர்னாவுக்கு மாறவில்லை.

லூடன் ஓடைக் காவலர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எதிர்த்துப் போட்டியிட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. சனிக்கிழமை காலையில் நாங்கள் என் ஹார்டுவேர் கடை வாசலில் கூடி, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்குவோம். இலையுதிர் காலத்தில் தண்ணீரில் விழுந்த இலைகளை வாரிக் கரையில் குவிக்க வேண்டும். உடைந்த கிளைகளைப் பொறுக்க வேண்டும். கரையோரப் புதரைக் கழுத்துக்குப் பின்னால் முடி வெட்டுவது போல ஒழுங்காக வெட்ட வேண்டும். முன்பு மீன் வந்துகொண்டிருந்த நாட்களில், முட்டையிட்டுச் செத்து மிதக்கும் மீன்களையும் நாங்கள்தான் வாளியில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தோம். நாறும் இடத்துக்கு எந்த மீன் வரும் என்பது வெர்னாவின் கேள்வி. அந்தச் செத்த மீனைத் தின்றுதான் ஓடையின் பூச்சியும், பூச்சியைத் தின்று மீன் குஞ்சும் வளர்கிறது என்ற பதில் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டோம்.

சொன்ன ஒரே ஆள் நாடின் சார்லி. ஓடை போய்ச் சேரும் ஆற்றின் அக்கரையில் இருக்கும் பூர்வகுடியினரின் மீன்வளப் பிரிவில் வேலை பார்ப்பவள். பல்கலைக்கழகத்தில் மீன் படித்தவள். அவள் வீட்டுக்காரர்களோ பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னாலிருந்தே மீன் சாப்பிடுகிறவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது. ஒரு சனிக்கிழமை கரையில் நின்று நாங்கள் இலை வாருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெர்னா, விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கலாம், தப்பில்ல. நீங்க கட்டில், மெத்தை, அடுப்பு, சோத்துப்பானை எல்லாத்தையும் சேத்து வாரி வெளிய போடறீங்க" என்றாள்.

"உங்க ஊர்ல குப்பையோட இருக்கிற ஓடை நிறைய இருக்கு. அங்க போய் பாரும்மா" என்றாள் வெர்னா.

"பாத்துட்டுதான் வரேன். அங்க மீன் இருக்கு" என்றாள் நாடின்.

வெர்னா திரும்பி இலை வார ஆரம்பித்தாள். அன்று மத்தியானம் வரை எங்களை விடாமல் வேலை வாங்கினாள்.

சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்போம். அதற்குள் ஹாக்கி அரங்கத்துக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. அரங்கத்துக்கும் வெர்னா வீட்டுச் சரிவுக்கும் நடுவில்தான் லூடன் ஓடை ஓடுகிறது. ஓடையைக் குழாய்க்குள் விட்டு, மேலே மண்ணைப் போட்டுத் தார் ஊற்றிவிட்டால் எல்லாக் காரும் நிற்கும் என்று நகரசபைக் கூட்டத்தில் மேயர் கிளிஃப் படம் போட்டுக் காட்டினார். கோஹோஸ் ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் வண்டி நிற்பதற்காகக் கோஹோ ஓடையைப் புதைக்கிறோம் என்பது அந்த அறையில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. மேயர் அன்று அணிந்திருந்த டையில்கூட சின்னச் சின்ன மீன்கள்.

ஒரே ஒரு தடை இருந்தது. அந்த இலையுதிர் பருவத்து ஆய்வில் ஓடையில் சால்மன் இருப்பது தெரிந்தால் சட்டப்படி ஓடையைத் தொட முடியாது. இல்லையென்றால் அது வெறும் வாய்க்கால், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆய்வு நாடினின் பொறுப்பு. பல வருடமாக ஒரு மீனும் வராத ஓடை என்பதால் மேயர் பள்ளம் தோண்டும் ஆளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்து வெர்னா என் கடைக்கு வந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"வால்ட், அந்த ஓடையக் குழாய்ல போட்டா என்னையும் சேத்துப் போட்டுடச் சொல்லு. என் வயசுல பாதி அங்கதான் போயிருக்கு" என்றாள். பிறகு கடையில் இருந்த நீளக் கைப்பிடி பிரஷ்ஷிலேயே முரடானதாக ஒன்றைக் கேட்டாள்.

எதற்கென்று கேட்டேன். ஓடைக் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறதாம், தேய்த்துப் பளிச்சென்று வைத்தால் மீனுக்குத் தூரத்திலேயே கண்ணில் படுமாம். நான் விற்கிறவன், எனக்கென்ன. பிரஷ்ஷைக் கட்டிக் கொடுத்தேன்.

அந்த வாரமே, அவள் தேய்த்துவிட்ட கல் ஒன்றில் அவளே வழுக்கி விழுந்து கணுக்கால் இரண்டு இடத்தில் நொறுங்கியது. அறுவை சிகிச்சை, உள்ளே தகடு, முழங்கால் வரை மாவுக்கட்டு. குளிர்காலம் பிறக்கும்வரை காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீன் வந்தால் வரவேண்டிய பருவம் பூராவும் வெர்னா கட்டிலில்.

சங்கம் என்ன ஆயிற்று என்றால், மிகவும் நன்றாக இருந்தது. சனிக்கிழமை காலையில் வழக்கம்போலக் கடை வாசலில் கூடினோம். காபி குடித்தோம். பாவம் வெர்னா என்றோம். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்ல, எங்கள் ஊரில் அது வருஷம் முழுக்க உண்மையாக இருக்கும் வாக்கியமாகையால், எல்லோரும் வீட்டுக்குப் போனோம். இலைகள் பாட்டுக்கு விழுந்தன. ஓடை அவற்றைச் சுமந்துகொண்டு கிடந்தது.

அக்டோபர் புயலில் கரையிலிருந்த பெரிய ஆல்டர் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே விழுந்தது. வெர்னா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால் அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் ரம்பத்தோடு போயிருப்பாள். கொஞ்ச நாளில் கீழ்ப்பக்கம் ஒரு பீவர் ஜோடி வந்து குடியேறியது. பல்லால் மரத்தை அறுத்துக் கிளையும் சேறுமாக அணை கட்டுகிற அந்தப் பிராணிக்கும் வெர்னாவுக்கும் பழைய பகை. அதன் அணையைப் போல அலங்கோலமான ஒரு பொருளை இந்த உலகத்தில் வேறு யாரும் கட்டுவதில்லை என்பாள்.

விஷயம் அவள் காதுக்கு எப்படிப் போயிற்றோ, எனக்கு போன் வந்துவிட்டது. பீவர் அணையை நாளைக்கே பிரித்து எறிய வேண்டும், ஆல்டர் மரத்தைத் துண்டு போட வேண்டும், இல்லையென்றால் கடலிலிருந்து வரும் மீன் முட்டி மோதித் திரும்பிப் போய்விடும், ஓடை குழாய்க்குள் போய்விடும், அந்தப் பாவம் என் தலையில் விடியும் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் என் முழங்கால் வலி. பிறகு ஹாக்கி பருவம் ஆரம்பித்துவிட்டது. அவள் விசாரிக்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்று சொன்னேன். நடந்தது என்னவோ உண்மைதான், பீவர்தான் நடத்திக்கொண்டிருந்தது.

நவம்பரில் நல்ல வெள்ளம் வந்து வடிந்த பின் நாடின் ஆய்வுக்கு வந்தாள். சங்கத்தின் சார்பில் நான். நகரசபையின் சார்பில் மேயரே வந்திருந்தார், கையில் அளவு நாடாவோடு. எத்தனை கார் நிற்கும் என்று போகிற வழியிலேயே அளந்துவிடலாம் என்று எண்ணம்.

பீவர் அணைக்கு மேலே ஓடை ஒரு சின்னக் குளமாக நின்றிருந்தது. முந்தின நாள் நாடின் அதில் போட்டு வைத்திருந்த கம்பிக் கூண்டை இழுத்தாள். உள்ளே விரல் நீளத்தில் மீன் குஞ்சுகள் துள்ளின. ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து குளிர்காலத்தைக் கழிக்க அமைதியான தண்ணீர் தேடி வந்த கோஹோ குஞ்சுகள் என்றாள். மேயர், குஞ்சு கணக்கில் வருமா என்று கேட்டார். நாடின் கையைக் காட்டி அவரை நிற்கச் சொன்னாள்.

விழுந்த ஆல்டர் மரத்தின் அடியில் வெள்ளம் ஒரு மடுவைப் பறித்திருந்தது. மரத்துக்கு மேல்பக்கம் சரளைக் கல் வந்து படிந்து ஒரு மேடை போலக் கிடந்தது. அங்கே தண்ணீர் கலங்கியது. ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆண், செக்கச்செவேலென்று, மேல்தாடை கொக்கியாக வளைந்து, வேறு எவனும் வராமல் காவல் நின்றது. நாங்கள் நிற்பதை இரண்டும் சட்டை செய்யவில்லை. வேறு ஓடையில் பிறந்து, வழி மாறி, வெள்ளத்தோடு பீவர் அணையைத் தாண்டி வந்திருக்கும் என்றாள் நாடின். ஊர் முழுக்கப் படத்தில் பார்த்துப் பார்த்து, நிஜத்தில் அது இவ்வளவு பெரியது என்பதே மறந்துபோயிருந்தது.

மேயர் கிளிஃப் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். அளவு நாடா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. திரும்பி வருகிற வழியில், இந்த ஓடையைக் காப்பாற்றத் தான் பட்ட பாட்டையெல்லாம் எங்களுக்கே விளக்கிக்கொண்டு வந்தார்.

நாடினும் நானும் நேராக வெர்னா வீட்டுக்குப் போனோம். செய்தியைக் கேட்டதும் அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்சம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிறுமியைப் போல ஆவலாகக் கேட்டாள்.

"நான் தேச்சு வெச்ச கல்லு பக்கத்துலதானே?"

நாடின் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இல்ல வெர்னா. விழுந்த ஆல்டர் மரத்துகிட்ட. குஞ்செல்லாம் பீவர் குளத்துல."

"பீவர் அணையத்தான் வால்ட் பிரிச்சுட்டானே."

"பிரிக்கல" என்றேன். வேறு வழியில்லை.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. போர்வையின் ஓரத்தை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் நல்லா இருந்திருந்தா அந்த மரம் கெடந்திருக்குமா, நாடின்?"

"மொத நாளே எடுத்திருப்பீங்க."

"இத்தனை வருஷமா எடுத்தது?"

நாடின் பொய் சொல்லத் தெரியாதவள். அன்று மட்டும் தெரிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க மேல யாருக்கும் வருத்தம் இல்ல. மீன் மேல உங்களுக்கு இருந்த ஆசை இந்த ஊர்ல வேற யாருக்கும் இல்ல" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது மூன்று பேருக்குமே புரிந்தது. வெர்னா எங்களைப் போகச் சொல்லிவிட்டாள்.

ஊர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. தனி ஒரு பெண்மணி, பல வருட உழைப்பு, கால் உடைந்தும் கலங்காத மனம், கடைசியில் திரும்பி வந்த சால்மன் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கார் நிறுத்துமிடம் அரங்கத்தின் மறுபக்கத்துக்குப் போயிற்று. அங்கே மேயரின் மச்சானுடைய காலி மனை தயாராக இருந்தது. ஓடைக்கரைக்கு வெர்னா லிண்ட்கிரன் பூங்கா என்று பெயர் வைப்பதாகவும், வசந்தத்தில் திறப்பு விழா என்றும் முடிவாயிற்று. வெர்னா வேண்டாம் என்றாள். அடக்கம் என்றார்கள். மறுபடி வேண்டாம் என்றாள். இன்னும் பெரிய பலகையாகச் செய்யச் சொன்னார்கள்.

விழா நாள் காலையில் நான் அவளைக் காரில் அழைத்துக்கொண்டு போனேன். ஊன்றுகோலோடு மெதுவாகத்தான் நடப்பாள். அரங்கத்தின் பின்பக்கம் திரும்பியதும் மோட்டார் ரம்பத்தின் சத்தம் கேட்டது.

ஊரே ஓடைக்குள் இறங்கியிருந்தது. சங்கத்தார், ஹாக்கி அணி, தீயணைப்புப் படை, எல்லோர் காலிலும் ரப்பர் பூட்ஸ். வெர்னாவுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து, அவளைத் திக்குமுக்காட வைக்க, அவள் வருவதற்குள் ஓடையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிடுவது என்று மேயரின் ஏற்பாடு. கரையில் இலைக் குவியல். பீவர் அணையின் ஒரு முனையிலிருந்து கிளைகளை உருவ ஆரம்பித்திருந்தார்கள். குளத்துத் தண்ணீர் அந்த வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் கடலுக்குக் கிளம்ப வேண்டிய மாதம். மரத்துக்கு மேல்பக்கச் சரளைக்குள்ளிருந்து புதுக் குஞ்சுகள் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. ஹாக்கி அணித் தலைவன் ஆல்டர் மரத்தை அறுக்க ரம்பத்தோடு தயாராக நின்றான். வெர்னாவைப் பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

வெர்னா ஊன்றுகோலைக் கரையில் போட்டாள். நான் பிடிப்பதற்குள், விழாவுக்குப் போட்டிருந்த நல்ல பாவாடையோடு தண்ணீரில் இறங்கி, தடுமாறி, மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். ரம்பம் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. மேயர் ஒலிபெருக்கியில் சிரித்தார். தலைவிக்கு மேடை அங்கேதான் வேண்டுமாம் என்றார். மைக்கை நீளக் கம்பியோடு அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. அந்த அணைல கைய வெச்சிராதீங்க" என்றாள்.

அவளே கடைசியாகச் செய்து முடிக்க ஆசைப்படுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

"நான் இந்த ஓடைய சுத்தம் பண்ணப் பண்ண மீன் வராமப் போச்சு. எனக்குக் கால் உடைஞ்ச வருஷம் வந்துச்சு. கணக்கு அவ்வளவுதான்."

"அடக்கத்தப் பாருங்க, அடக்கத்த" என்றார் மேயர்.

"அடக்கம் இல்ல, கிளிஃப். மீன விரட்டினது நான்தான். வீடு பெருக்கற மாதிரி பெருக்கிப் பெருக்கி விரட்டினேன். என் பேரைப் பலகைல போடறதா இருந்தா அதையும் சேத்துப் போடுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இலை வாரும் கோலை வைத்திருந்தவர்களுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உருவிய கிளையைக் கையில் வைத்திருந்த தீயணைப்புக்காரன் அதை மெல்லப் பழைய இடத்திலேயே செருகப் பார்த்தான். நாடின் கரையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேயருக்கு உண்மையிலேயே குழப்பம். ஊரையே திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார், எல்லோரும் பூட்ஸ் மாட்டியிருக்கிறார்கள், மத்தியானம் வரை நேரம் இருக்கிறது.

"அப்ப நாங்க இப்ப என்னதான் பண்றது, வெர்னா?"

"ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். "கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கே இங்க உக்காந்திருக்க முடியல."

அதற்குப் பிறகுதான் ரம்பத்தை அணைத்தார்கள்.